சொன்னவர்: டோக்கன் எண் 716

என் மகள் எட்டாம் வகுப்புக்குப் போன வருஷம் சமூகப் பாடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தார். பங்காருபேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வந்து, தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்தில் இறங்குகிறவர். கரும்பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. உங்கள் ஊரில் என்ன வேலை நடக்கிறது என்று அதைச் செய்கிறவர்களிடமே போய்க் கேளுங்கள், கேட்டதை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள், ஒவ்வொரு பாராவுக்குக் கீழும் சொன்னவர் யார் என்று போடுங்கள் என்பார். சொன்னவர் இல்லாத பாராவுக்கு மார்க் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து என்றால் பார்த்து எழுதுவதுதான் என்று நினைத்திருந்தேன். அதனால், ஷிப்ட் முடிந்து வந்து சோறு சாப்பிடும்போது அவள் நோட்டும் கையுமாக எதிரில் உட்கார்ந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நைனா, சுரங்கத்துல என்னிக்காவது பயந்துக்கினியா?”

“என்னிக்கு பயப்படலன்னு கேளுடி,” என்றாள் என் மனைவி. “தும்மினாக்கூட பாறை சரியுதுன்னு எழுந்து நிக்கிற மனுசன்.”

மூவரும் சிரித்தோம். சிரிப்பில் என் வாய் திறந்துகொண்டது. சில மாதங்களுக்கு முன், நாங்கள் துளை போட்டுக்கொண்டிருந்த இடத்தில், மேல்பாறைக்குள் சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னால் கேலி செய்வார்கள். வயிற்று வலி என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் ஏறி மேலே வந்தேன். டாக்டரிடமும் அதையே சொல்லி இரண்டு நாள் லீவுச் சீட்டு வாங்கினேன். மறுநாள் அங்கே பாறை விழுந்தது. நல்லவேளை, அந்த நேரம் யாரும் அங்கே இல்லை.

இதை மகளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஓடி வந்தாள். “நைனா, சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல எக்சிபிஷன். என் கட்டுரைய செவுத்துல ஒட்டிக்கீறாங்க. எல்லார் வூட்டுலயும் வரணுமாம். உங்க மேஸ்திரிகூட வராரு, அவர் பொண்ணு என் கிளாஸ்தானே?”

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. “என் பேரு போட்டுக்கீறியா?”

“சேச்சே, இல்ல. பேரு சொல்ல இஷ்டமில்லன்னா போட வேணாம், யாருன்னு ஒரு அடையாளம் இருந்தா போதும்னாங்க டீச்சர். அதான் உன் டோக்கன் நம்பர் போட்டேன்.” என்னைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவள் முகத்தில்.

சுரங்கத்தில் என் பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். இறங்கும்போது கொடுக்கும் பித்தளை டோக்கனில் எழுநூற்றுப் பதினாறு. மேஸ்திரிக்கு நான் ‘செவன் ஒன் சிக்ஸ்’. பெயரை மறைத்துவிட்டு என் முகத்தையே சுவரில் ஒட்டியிருந்தாள் பெண். பொய் சொல்லி ஷிப்டிலிருந்து ஏறியவனுக்கு சார்ஜ் ஷீட் வரும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். அன்று படுத்தபடியே சாமான்களை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். டீச்சர்தான் வெளியே வந்தார்.

“அந்தப் பாராவை எடுத்துடுங்க டீச்சர்.”

“ஏங்க? வகுப்பிலயே நல்லா எழுதின பாரா அதுதான். சுள்ளி முறியற சத்தம்னு எழுதியிருக்கா பாருங்க. எந்தப் புத்தகத்திலயும் அது இல்ல.”

“பாரா இருக்கட்டும். அந்த நம்பர் நாந்தாங்க. வேலை போயிடும்.”

டீச்சரின் முகம் மாறியது. நம்பர் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. மகளைக் கூப்பிட்டார். “நம்பர எடுத்துட்டா சொன்னவர் யாருன்னு எப்டி தெரியும்? மார்க் போயிடுமே,” என்று அவள் அழுதாள். மார்க்கைக் குறைக்கமாட்டேன் என்று டீச்சர் சத்தியம் செய்யாத குறை. கடைசியில் ‘ஒரு தொழிலாளி’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, நம்பர்மேல் அவளே ஒட்டினாள். பசை காய்கிறவரை நான் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை மேஸ்திரி வந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனுஷன். விரலை வைத்து வரிவரியாக நகர்ந்தார். அந்த விரல் ஒட்டுத் தாளுக்கு வந்தது. அவர் தாளைத் தடவக்கூட இல்லை. மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கேஜ் கதவு மூடியதும் பின்னாலிருந்து அவர் குரல்.

“வயிறு எப்டி கீது, செவன் ஒன் சிக்ஸ்?”

மற்றவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பரை மறைத்தேன். பாராவில் இருக்கிற வயிற்று வலியைச் சொன்னதே இந்த ஆளிடம்தான் என்பதை மறந்தே போனேன்.

கீழே வேலை இடத்துக்குப் போனதும் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

“அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சு. நீ ஏறிப் பூட்ட. நாங்க ஏழு பேரு ஷிப்ட் முடியிற வரைக்கும் அங்கயேதான் நின்னுக்கினு இருந்தோம். தெரியுமா?”

சார்ஜ் ஷீட்டைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் யோசித்த அந்த ராத்திரியில் இந்த ஏழு பேர் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை.

“சிரிப்பாங்கன்னு...” என்றேன்.

“சிரிச்சா சிரிக்கட்டும். கேட்டா சொல்லு.” மேல்பாறையைத் தட்டிப் பார்க்கும் இரும்புக் கம்பியை என் கையில் திணித்தார். “இனிமே நீதான் தட்டணும். நீ சரின்னு சொன்ன அப்புறம்தான் நாங்க உள்ள வருவோம்.”

என்மேல் ரிப்போர்ட் அவர் எழுதவில்லை. அன்று நான் தட்டினேன். ஏழு பேரும் பின்னால் காத்து நின்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் என் நெஞ்சு பாறையைவிடச் சத்தமாக அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் வந்து உட்கார்ந்தாள். “மேஸ்திரி இன்னா சொன்னாரு நைனா?”

“எழுதப் போறியா?”

“இல்லயே, சும்மா.”

முதுகுக்குப் பின்னால் நோட்டு தெரிந்தது. ஏழு பேர் விஷயத்திலிருந்து ஆரம்பித்தேன்.