டாக்டரிடம் மறைத்த எருது

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கண்ணுக்கு லேசர் ஆபரேஷன் செய்யப் போனபோது, "முகத்துல அடிபடுற மாதிரி வேலை, விளையாட்டு ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், கம்பெனி வேலைதான்" என்றேன். எருது விடும் விழாவில் ஓடிவரும் எருதுக்கு முன்னால் நிற்பவன் என்றால் வேண்டாம் என்பாரே! அதற்காகத்தானே கண்ணாடியைக் கழற்றவே ஆசைப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்து ராயக்கோட்டைப் பக்கம் விழா. ஓடிவந்த எருது தலையை வீசியது. கொம்பின் அடிப்பக்கம் வலக்கண்ணில் அறைந்தது. விழுந்த என்னை மிதித்துவிட்டு ஓடியது. வாயெல்லாம் ரத்தம்; முன்பல் இரண்டு போச்சு. எழுந்து பார்த்தால் வலக்கண்ணில் பால் ஊற்றியது போல் ஒரே வெள்ளை.

அதே டாக்டரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். கத்தினார். "லேசருக்காக மூடி மாதிரி திறந்து மூடின கருவிழிப் படலம்யா இது! அடிபட்டு மடங்கிக் கிடக்குது. அன்னைக்கே சொல்லியிருந்தா மூடி திறக்காத முறையில செஞ்சிருப்பேனே!" அன்றே சரிசெய்ததால் பார்வை தப்பியது.

போன மாதம் என் தம்பி லேசருக்குக் கிளம்பினான். நானும் கூடவே போனேன். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "கம்பெனி வேலை..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள், முன்பல் இல்லாத வாயைத் திறந்தேன்.

"பொய் சார். இவனும் எருதுக்கு முன்னாடி நிக்கிறவன்தான்."