சுப்பம்மாள் கப்பல் ஏறவில்லை

சுப்பம்மாளுக்கு ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். பரமக்குடிப் பக்கத்துப் பொட்டலில் ஆடு மேய்த்து வளர்ந்த குரல் அது. கல்யாணமாகி அந்தமானில் போர்ட் பிளேயருக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. லம்பா லைன் என்ற குடியிருப்பில் தன் வீட்டு வாசலில் நின்று "இட்லி வெந்தாச்சு" என்று அவள் ஒரு தடவை சொன்னால் போதும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூலி லைனில் பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கள் அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார்கள்.

புருஷன் சொக்கலிங்கம் பி.டபிள்யூ.டி.யில் லாரி டிரைவர். அந்த நாளில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து வேலை பார்த்த ஆட்கள் அங்கே ஏராளம். சுப்பம்மாள் அவர்களுக்குக் காலையில் இட்லியும், மத்தியானம் மீன் குழம்பும் சோறும் போட்டாள். போர்டு எதுவும் கிடையாது. வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை இறக்கி, பலகை பெஞ்சு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அவளுக்கு ஒரே மகள், கண்ணம்மா. அப்போது அது இடுப்பில் உட்காரும் வயதைத் தாண்டி, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரியும் வயது.

அறுபத்தொன்றாம் வருஷம் பிறந்த சமயம், மழை ஓய்ந்த கையோடு அவளுக்கு இருமல் பிடித்தது. ஈர விறகுப் புகை என்றாள். அப்புறம் சாயங்காலமானால் மேல் காய்ந்தது. ரவிக்கை தோளில் நழுவியது. குரல் கரகரத்துப் போய், கூப்பிடுவதற்குப் பதில் கரண்டியால் தட்டத் தொடங்கினாள். ஒரு நாள் காலை முந்தானையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் சொக்கலிங்கம் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் டி.பி. என்றார் அங்கிருந்த வயதான டாக்டர். நல்ல மனுஷர். "இங்கே வைத்துப் பார்க்க இடமில்லை. மெயின்லேண்டுக்குப் போய்த் தாம்பரம் சானடோரியத்தில் சேர்ந்துவிடுங்கள். வருஷம் ஒன்றோ இரண்டோ ஆகும்" என்றார். அன்றைக்கு இருந்த வழி அதுதான். அவர் அந்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார்.

செய்தி பரவியது. பெஞ்சில் ஆள் குறைந்து, பிறகு ஒருவரும் இல்லாமல் போயிற்று. சுப்பம்மாள் யாரையும் நொந்துகொள்ளவில்லை. தானே தனித் தட்டு, தனி லோட்டா எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணம்மாவைப் பக்கத்து வீட்டு ராம்கலியிடம் தூங்க அனுப்பினாள். ராம்கலியின் தாத்தா கைதியாக வந்து, தண்டனை முடிந்து இங்கேயே மனைவி மக்களோடு தங்கிவிட்டவர். அவளுக்குப் பேச்சு ஹிந்துஸ்தானிதான். ஆனால் லம்பா லைனில் இத்தனை வருஷம் இருந்ததில் தமிழும் அரைகுறையாக வரும். யுத்தத்தில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தைக் கண்டவள், சட்டென்று எதற்கும் பயந்துவிட மாட்டாள்.

"உன் பிட்டியா என்கிட்ட இருக்கட்டும், நீ போய் தவாய், மருந்து பண்ணிட்டு வா" என்றாள்.

சுப்பம்மாள் சரியென்று தலையை ஆட்டினாள். மகள் காலையில் எழுந்ததும் ராம்கலியின் மடியில் உட்கார்ந்து ரொட்டி தின்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். அது சிரித்தால் வேலியை இன்னும் நெருங்கி நிற்பாள்.

கப்பல் வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் மெட்ராசுக்குத் திரும்புகிறது. நோயாளிக்குக் கப்பலில் இடம் வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அதற்காக இருவரும் போனபோது, நாற்காலியில் புது டாக்டர் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெகநாதன். இளவயது, மெட்ராஸ்காரர். அதே கப்பலில்தான் முதல் நாள் வந்து இறங்கியிருந்தார். கடல் மயக்கம் இன்னும் தெளியாமல் முகம் வெளிறிக் கிடந்தது.

"எங்கம்மா போறீங்க?"

"தாம்பரத்துக்குங்க" என்றான் சொக்கலிங்கம்.

"பெட் கிடைச்சிருச்சா?"

"காத்திருக்கணும்னாங்க. அதுவரைக்கும் இவ அண்ணன் வீட்டுல இருப்பா."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாயகன்ற சின்னப் புட்டி ஒன்றைக் கொடுத்து, நன்றாக இருமிச் சளியை அதில் துப்பி வரச் சொன்னார். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றிக் கழுவி, பொறுமையாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "நீங்களும் பாருங்க" என்று சுப்பம்மாளைக் கூப்பிட்டார்.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு நீலமான ஒரு தரை. அதில் சிவப்பு நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டது மாதிரி.

"இதுங்களா?" என்றாள்.

"இதுங்கதான். இதுங்களைக் கொல்ல இப்போ மாத்திரை இருக்கு. அதுக்குத் தாம்பரம் போகணும்னு இல்லை. வீட்டிலேயே இருந்து சாப்பிடலாம்."

சொக்கலிங்கத்துக்கு இது சரியாகப் படவில்லை. "சார், படுத்த படுக்கையா இருக்கணும், பாலு முட்டை வேணும், நல்ல காத்து வேணும்னு சொன்னாங்களே. எங்க வீடு ஒத்தை ரூமு. அடுப்புப் புகை வேற."

"நானும் அப்படித்தான் படிச்சேன்" என்றார் டாக்டர். "அப்புறம் மெட்ராஸ்ல ஒரு பரீட்சை பண்ணிப் பார்த்தாங்க. ஒரே மாதிரி நோயாளிகள்ல பாதிப் பேரைச் சானடோரியத்துல வெச்சு, பாலு பழம் கொடுத்துப் படுக்கவெச்சாங்க. மீதிப் பேர் குடிசை வீட்டுல, கிடைச்சதைத் தின்னுட்டு இருந்தாங்க. ரெண்டு பக்கமும் அதே மருந்துதான். கடைசியில ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலக் குணமாச்சு. வீட்டுல இருந்தவங்க பிள்ளைகளுக்கு அதிகமாத் தொத்தவும் இல்லை. குணப்படுத்தினது மருந்துங்க. ஒரே ஒரு நிபந்தனைதான், ஒரு வருஷத்துக்கு ஒரு வேளை கூட விடக்கூடாது."

சீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "போறதுன்னாலும் போங்க. முடிவு உங்களுது."

வழியெல்லாம் சொக்கலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பெரிய டாக்டர் ஒன்று சொன்னார், நேற்று வந்த இந்தப் பையன் வேறு சொல்கிறான், யாரை நம்புவது? மறுநாள் இரும்புப் பெட்டியையும் படுக்கையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சாத்தம் கப்பல் துறைக்குப் போனார்கள். ராம்கலி கண்ணம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஏணிப் பக்கம் கூட்டம் நெருக்கியடித்தது. சுப்பம்மாள் பெட்டி மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"எந்திரி, மணி அடிச்சாச்சு" என்றான் சொக்கலிங்கம்.

"நான் போகலைங்க."

"என்ன புள்ள விளையாடுற?"

"நான் திரும்பி வாறதுக்குள்ள இவ என்னை அத்தைன்னு கூப்பிடுவா. அந்த டாக்டர் என் கண்ணுலயே காட்டினாரு. கொல்லலாம்னு சொன்னாரு. நான் வீட்டுல இருந்தே கொன்னுடுறேன்."

அவன் கத்தினான். டிக்கெட், லீவு, அண்ணனுக்குக் கொடுத்த தந்தி என்று வரிசையாகச் சொன்னான். அவள் கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏணியைத் தூக்கினார்கள். கப்பல் நகர்ந்தது. அது முனை திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு, சொக்கலிங்கம் பெட்டியை லாரியில் ஏற்றினான். வீடு வரும்வரை ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். ராம்கலி மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்து தொடங்கியது. சின்ன மாத்திரை ஒன்று; அதை விழுங்குவது சுலபம். கூடவே பொட்டலம் பொட்டலமாக ஒரு பொடி. பி.ஏ.எஸ். என்று அதற்குப் பெயர். வாயில் வைத்தால் குமட்டும், வயிற்றுக்குள் போனால் புரட்டும். கண்ணம்மாவுக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்து, நோய் ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு ஊசியும் குத்தினார்கள். தனித் தட்டு அவசியமில்லை என்றார் டாக்டர். வாயை மூடி இருமினால் போதும், சளியை டப்பாவில் பிடித்து எரித்துவிட வேண்டும். ஆனால் சளியில் பூச்சி இல்லாமல் போகும்வரை வெளியாட்களுக்குச் சமைக்க வேண்டாம், குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைக்கவும் வேண்டாம் என்றார். அவள் அதையெல்லாம் சொன்னபடி கேட்டாள்.

முதலில் காய்ச்சல் நின்றது. பிறகு பசி வந்தது. ரவிக்கை மறுபடி தோளில் நின்றது. ஒரு நாள் கோழியை விரட்டும்போது பழைய குரல் தானாகக் கிளம்பி, ராம்கலி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். உடம்பு தேறிய பிறகு அந்தப் பொடி மேல் சுப்பம்மாளுக்கு வெறுப்பு அதிகமாகிவிட்டது. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பொடியைத் தென்னை மரத்தடியில் கொட்டத் தொடங்கினாள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற எண்ணம்.

மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிறுநீரும் கேட்பார்கள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அந்த மாதம் ஜெகநாதன் அவள் கண்ணெதிரே அதில் ஏதோ துளி விட்டார்.

"பொடி குடிச்சிருந்தா இது நிறம் மாறணும்மா. மாறலை."

சுப்பம்மாளுக்குக் காது சுட்டது. பக்கத்தில் நின்ற சொக்கலிங்கம் வாயைத் திறக்கப் போனான். டாக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"கோபமில்லைம்மா. ஏன் விட்டீங்க?"

"குமட்டுதுங்க. இறங்கவே மாட்டேங்குது."

"அதைச் சொல்லியிருந்தா நான் வழி பண்ணியிருப்பேனே. பாருங்க, உள்ள பூச்சி பாதி செத்திருக்கு. இப்போ ஒரு மருந்தை மட்டும் கொடுத்தா, மிச்சம் இருக்கிறது அந்த மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் அந்த மாத்திரை கேட்காது. ரெண்டும் சேர்ந்தாத்தான் தப்பிக்க வழியில்லாம சாகும்."

அவளுக்கு அது விளங்கியது. சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்காமல், வயிறு நிறைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். சுப்பம்மாள் கஞ்சி குடித்துவிட்டுப் பொடியைக் கரைத்து விழுங்கி, உடனே உப்பு நார்த்தங்காயைக் கடித்துக்கொள்வாள். அப்போதும் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் உள்ளே தங்கியது. அதுவரை நம்பிக்கையில்லாமல் இருந்த சொக்கலிங்கம்தான் இப்போது காவல்காரன் ஆனான். ஜல்லி ஏற்றிக்கொண்டு போகிற லாரியை மத்தியானம் வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலேயே இறங்கி வந்து, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் போவான்.

"என்னை நம்பலையா?" என்பாள்.

"உன்னை நம்புறேன். உன் நாக்கைத்தான் நம்பலை" என்பான்.

பிறகு வந்த பரிசோதனைகளில் கண்ணாடித் துண்டில் நீலம் மட்டுமே இருந்தது. கண்ணம்மா தன் பாயைத் தானே சுருட்டித் தூக்கிக்கொண்டு ராம்கலி வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். சமைத்துப் போடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். சுப்பம்மாள் முதல் நாள் மாவு அரைத்து, காலையில் இட்லி ஊற்றி, வாசலில் நின்று கூப்பிட்டாள். எதிரே கூலி லைனில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. ராம்கலி வந்து உட்கார்ந்து வயிறாரத் தின்றாள். மீதி கோழிக்குப் போயிற்று. மறுநாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஜெகநாதன்.

"இட்லி இருக்காம்மா? எங்க மெஸ்ஸுல கல்லு மாதிரி சப்பாத்தி போட்டு என் பல்லே ஆடுது" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். கல்யாணமாகாத மனுஷர், நாக்கு செத்துக் கிடந்தார். சட்னி கேட்டு வாங்கினார், மறுபடி இட்லி கேட்டார். எதிர் லைனில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பார்த்தார்கள். அவர் அடுத்த நாளும் வந்தார். அந்த வாரக் கடைசியில் பெஞ்சில் இடம் போதாமல் சொக்கலிங்கம் இன்னொரு பலகை கொண்டுவந்து போட்டான்.

ஒரு வருஷ மருந்து முடிந்தது. இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று சுப்பம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அடுத்த ஆண்டு பையன் பிறந்தான். அம்மாவின் குரல் அப்படியே அவனுக்கு வந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் புகார் சொன்னார்கள்.

டி.பி. என்று தெரிந்தவர்களை ஜெகநாதன் சில சமயம் லம்பா லைனுக்கு அனுப்பிவைப்பார். சுப்பம்மாள் அவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள், பொடியைக் கொட்டிய கதையையும் சொல்வாள். பக்கத்துப் புரோத்ராபூர் கிராமத்தில் பன்னீர்செல்வம் என்று ஒருவர், தோட்டம் போட்டிருந்தவர், நோயை வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். சுப்பம்மாளே பஸ் ஏறிப் போய் அவர் மனைவி மரகதத்திடம் பேசினாள்.

"வெளியே தெரிஞ்சா ஒதுக்கிருவாங்களே அக்கா" என்றாள் மரகதம்.

"ஒதுக்குவாங்க. கொஞ்ச நாளைக்கு. அப்புறம் பசிச்சா வருவாங்க" என்றாள் சுப்பம்மாள்.

பன்னீர்செல்வமும் தேறினார். ஜெகநாதன் மாற்றலாகிப் போய், வேறு டாக்டர்கள் வந்தார்கள். எழுபதுகளில் அந்தப் பொடியே வேண்டாம், புது மாத்திரை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது சுப்பம்மாள், "எனக்கு மட்டும் முந்தி வந்துட்டுதே நோவு" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதற்குள் வீட்டுக்கு முன்னால் தகரம் போய்ச் சிமென்ட் கூரை வந்திருந்தது. மரகதம் சந்தைக்கு வரும் நாளில் தோட்டத்துக் கத்தரிக்காயைக் கூடையோடு கொண்டுவந்து இறக்குவாள். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு ராம்கலி, மரகதம், சுப்பம்மாள் மூன்று பேரும் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, மீந்த குழம்பில் சோற்றைப் பிசைந்து தின்றபடி, பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக ஊர் வம்பு பேசுவார்கள். சுப்பம்மாள் சொல்லும் ரகசியம் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்.