மடக்காத குடை

என் கைப்பையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். கண்டி டவுனில் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். "டீச்சர் குடைக்குத்தான் வாக்கப்பட்டிருக்காங்க" என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்!

போன மாதம் ஹேவாஹெட்டப் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கு மேலே, காட்டுப் பாதையில் தனியாக நடந்தேன். தோட்டம் கைவிடப்பட்டு வெகுகாலம். வெட்டிக் கவாத்துச் செய்ய ஆளில்லாத தேயிலை மரமாகவே வளர்ந்து நின்றது. மானாப்புல்லை விலக்கினால் கருங்கல் படிகள்; படிகளுக்கு மேலே, தோட்டத்தை நடத்திய தொரையின் பங்களா. அதாவது, அதன் சுவர்கள். கூரை இல்லை, கதவில்லை, விருந்து நடந்த ஹோலின் நடுவே ஒரு கொய்யா மரம். இடிந்த வீட்டைப் பார்த்தால் மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தக் காலத்தில் பங்களாவைத் தாண்டும்போது தோட்டத்தில் வேலை செய்யும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், குடையை மடக்க வேண்டும். கொட்டுகிற மழையிலும் அதுதான் சட்டம். என் தம்பி அப்போது தவழக்கூடத் தொடங்கவில்லை. நெஞ்சுச் சளி, அனலாகக் காய்ச்சல். அம்மா அவனை மாரோடு அணைத்து, அப்பா வாங்கி வந்த புதுக் குடையைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். முந்தானையைப் பிடித்தபடி நான். பங்களாவுக்கு முன்னால் அம்மா குடையை மடக்கவில்லை. வராந்தாவில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தொரையின் பெண்சாதி, தொரசானி, எழுந்து கத்தினாள்: "ஏய், குடை மடக்கு!"

"புள்ளைக்குக் காய்ச்சலுங்கம்மா" என்று அம்மா கெஞ்சினாள். கும்பிடக்கூட அவளுக்குக் கை இல்லை. தொரசானி காவலுக்கு நின்ற வாச்சரை அனுப்பினாள். அவன் குடையைப் பிடுங்கி மடக்கி, பங்களா எல்லை முடியும்வரை எங்களோடு நடந்துவந்து, பிறகுதான் திருப்பிக் கொடுத்தான். அதற்குள் தம்பி நனைந்து விறைத்துப் போனான். அந்த வாரமே அவனைப் புதைத்தோம்.

அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. பங்களாப் பக்கம் திரும்பி நின்று சொன்னாள்: "அவ வீட்டுக்குள்ள மழ பேயணும்." பிற்காலத்தில் எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள், பழசையெல்லாம் மறந்துவிடு என்று. ஏன் மறக்க வேண்டும்? நனைந்தது அவர்கள் பிள்ளையா?

சேற்றை வேண்டுமென்றே மிதித்து, செருப்போடு அந்தப் படிகளில் ஏறினேன். ஹோலுக்குள் நின்றபோது மழை பிடித்தது. குடையை விரித்தேன். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவளுக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும்.

"அம்மா, தொரை பங்களாவுக்குள்ள நிக்கிறேன். உள்ளுக்குள்ள மழ பேயுது!"

"நல்லாப் பேயுதா?"

"கொட்டுதும்மா."

"குடை வச்சிருக்கியா?"

"விரிச்சிருக்கேன்."

"மழ விட்டாலும் மடக்கிறாத."

மழை விட்டது. நான் குடையோடுதான் படியிறங்கினேன்.