கூட்டம் செத்துப் போச்சு, மாப்ள

கிரிக்கெட் பார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தாலும் அதே ஆள்தான் மட்டையோடு நின்றுகொண்டிருப்பான். ஃபுட்பாலில் நீங்கள் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தால் போதும், ஒரு கோல் போய்விடும். எங்கள் பக்கத்தில் மேட்ச் நடக்கும்போது யாரும் குனிய மாட்டார்கள்.

இப்படி என்னிடம் நிறைய அபிப்பிராயங்கள் உண்டு. வெளிநாட்டு டீமின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பக்கத்துத் தெரு டீமின் கோல்கீப்பர் யாரென்று தெரியாமல் திரிகிறவனை ரசிகன் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே பைக்கை எடுக்கக் கிளம்புகிறவன், தாலி கட்டுவதற்கு முன்னால் பந்தியில் போய் உட்காருகிற ஜாதி. டீயில் இஞ்சி போடலாம், ஏலக்காய் கூடாது. எங்கள் வடசென்னை டோல்கேட்டில் மெட்ரோ வந்த பிறகும் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் பிடிவாதக்காரர்கள், அவர்களை எனக்குப் பிடிக்கும். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருந்தால் வாய் துருப்பிடித்துவிடும்.

இதையெல்லாம் கேட்டுக்கொள்ள எனக்கு வாய்த்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று, வேலை, சம்பளம், குடிப்பழக்கம் எதையும் அவர் விசாரிக்கவில்லை. "மாப்ள ஃபுட்பால் பாப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்ப்பேன் என்றேன். கல்யாணம் அப்போதே முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் சடங்கு.

அவர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்தில் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு வந்து யார்டில் இறக்குவது வேலை. நான் எண்ணூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு யார்டில் கேட் கிளார்க். வருகிற வண்டியின் பேப்பரைப் பார்த்து, தடுப்புக் கட்டையைத் தூக்கி உள்ளே விட வேண்டும். அவர் வண்டி என் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம், கட்டை எழுந்து இறங்குகிற நேரத்துக்குள், முந்தின நாள் மேட்சைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிடுவோம். பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் திட்டுவார்கள்.

இரண்டு வருஷமாக மச்சானுக்கு ஒரே புகார்தான். கூட்டம்.

"கூட்டம் செத்துப் போச்சு மாப்ள. முன்னல்லாம் இன்னா கத்து கத்துவானுங்க. இப்போ வாயத் தொறக்க மாட்றானுங்க. சாவு வூட்லகூட இத்த வுட நல்லா சத்தம் கீது."

நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது, அல்லது அவர் சொல்லிச் சொல்லி அப்படிப் பட ஆரம்பித்தது. ஒரு கையில் போன் வைத்திருப்பவன் கை தட்ட முடியாது, படம் எடுத்துக்கொண்டிருப்பவன் கத்தினால் படம் ஆடிப்போகும், அதனால்தான் கூட்டம் ஊமையாகிவிட்டது என்று ஒரு பெரிய கொள்கையே கட்டினேன். ஸ்டேடியத்தில், டீக்கடையில், யார்டில் எல்லாம் அதை எடுத்துவிடுவேன். மச்சான் என் முகத்தையே உற்றுப் பார்த்துக் கேட்பார். என் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை தருகிற மனிதர் வேறு யாருமில்லை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ரெஃப்ரியைப் பிடித்தார். "விசிலு இன்னாத்துக்கு, கழுத்துல தொங்க வுட்டுக்கவா? ஃபவுல் அடிச்சா ஊதவே மாட்றான்." ஊதினானே மச்சான் என்பேன். "எங்க ஊதுனான், பேஜாரு பண்ணாத." அப்புறம் மேளக்காரர்கள். "பாரு, கை ஆடுது, சத்தம் வர்ல. கூலிக்கு மாரடிக்கிறானுங்க." அதற்கும் நான் ஒரு பதில் வைத்திருந்தேன். இப்போது அது என்ன பதில் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஃபைனல். எங்களுக்குப் பிடித்த டீம் ஒரு கோல் பின்தங்கி இருந்தது. மைதானத்து ஓரத்தில் ஒருவர் கேனில் டீ விற்றுக்கொண்டிருந்தார். ஆட்டம் கொஞ்சம் மந்தமானதும் மச்சான் எழுந்து டீ வாங்கப் போனார். அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்ற அந்த நேரத்தில்தான் எங்கள் பையன் ஒருவன் பாதி மைதானத்திலிருந்து ஒரு அடி அடித்தான். பந்து கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

மைதானமே கிழிந்தது. யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். விசில், மேளம், தகரத்தில் தட்டுகிற சத்தம். நான் கத்திக்கொண்டே மச்சானைத் தேடித் திரும்பினேன். இப்படி ஒரு கோலுக்கு அவர் டீயோடு பாய்ந்து வந்து என் மேல் விழுந்திருக்க வேண்டும்.

அவர் திரும்பவே இல்லை. டீக்காரர் கேனின் குழாயை மூட மறந்து வாயைப் பிளந்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளாஸ் நிரம்பி டீ வழிந்தது. மச்சான் டீக்காரரின் தோளைத் தட்டி கிளாஸைக் காட்டினார். பிறகு சர்க்கரை கொஞ்சம் போடச் சொல்லி, ஸ்பூனால் கலக்கி, இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பினார். அப்போதுதான் குதித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, போட்டுட்டானா?"

நான் தலையாட்டினேன்.

என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு அவர் சுற்றிலும் பார்த்தார். "பாத்தியா, குதிக்கத் தெரியுது, கத்தத் தெரியல."

அந்த மேட்சில் அப்புறம் யார் ஜெயித்தார்கள் என்றே எனக்கு நினைவில்லை. எத்தனையோ வருஷத்து ஸ்கோர்களைச் சொல்லக்கூடியவன் நான்.

காது போன மனுஷனிடம் உட்கார்ந்து, ரசிகர்களின் தரம் தாழ்ந்துவிட்டது என்று நான் விவாதம் செய்திருக்கிறேன். வேறு எந்த வீட்டிலாவது இது நடக்குமா? ஒரு சாதாரண ஆள், 'டிவி சத்தம் பத்தல' என்பார், வீட்டில் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். எங்கள் ஆள் ரெஃப்ரி சரியில்லை என்றார். ரெஃப்ரி சரியில்லை என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வேறு எதுவும் தோன்றாது, கூடவே நாலு கெட்ட வார்த்தை சேர்த்துக்கொள்வோம்.

மறுநாள் அவர் டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து திருவொற்றியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விஷயத்தை எடுத்தபோதும் அவர் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"உனுக்கு இப்பத்தான் தெரியுதா தம்பி? வூட்ல கத்திக் கத்தி என் தொண்ட போயிட்ச்சு. வாயப் பாத்துத்தான் பேசறாரு. எதிர்க்க நின்னு சொன்னா அல்லாம் புரியும். திரும்பிட்டா போச்சு."

"டாக்டர்கிட்ட போனாராக்கா?"

"ஒரு தபா இட்டுகினு போனேன். எஞ்சின் சத்தத்துலயே இருந்து நரம்பு செத்துப் போச்சாம். மிசினு மாட்டிக்கச் சொன்னாரு. காதுல மிசினு மாட்டிகினு போனா எவன் வண்டி குடுப்பான்?" கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "வண்டிய வுட்டா அவரு படுத்துக்குவாரு தம்பி. எய்ந்திருக்க மாட்டாரு. நீ எதையும் கிளறாத."

நான் கிளறாமல் வந்துவிட்டேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஒரு பக்கம் அவருடைய வண்டி. இன்னொரு பக்கம் அந்த வண்டிக்குப் பின்னால் நிற்கிற ஆள். ட்ரெய்லரை யார்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரைவருக்குப் பின்பக்கம் பாதிதான் தெரியும். பின்னால் ஒருவர் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கூவி, போதும் என்ற இடத்தில் "ஹோல்டான்!" என்று கத்துவார். பஸ் கண்டக்டர் சொல்கிற அதே ஹோல்டான்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எங்கள் யார்டில் எல்லோரும் நடமாடுகிறோம்.

டீக்கடையில் ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். "மச்சான், காதுக்கு ஒரு டாக்டரப் பாக்கலாமா?"

"காத்தா?" என்று கடல் பக்கம் பார்த்தார். "இங்க எப்பவும் காத்து அடிச்சிகினுதான் கீது மாப்ள."

உண்மையிலேயே அப்படித்தான் காதில் விழுந்ததா, இல்லை என் பேச்சை நைசாக வெட்டிவிட்டாரா? தெரியவில்லை. மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை. நடுவரைத் திட்டவும் கோச்சுக்குப் பாடம் எடுக்கவும் வருகிற வாய், இதற்கு வரவில்லை.

அப்புறம் ஒருநாள் அது நடந்தது. மச்சான் வண்டிக்குப் பின்னால் நின்று கூவிக்கொண்டிருந்தவர் முட்டி வலிக்காரர், வேகமாக நகரத் தெரியாதவர். ஹோல்டான் என்றார். வண்டி நிற்கவில்லை. மறுபடி கத்தினார். என் கண்ணாடி அறைக்குள்ளிருந்து நானும் கத்தினேன், யாருக்குக் கேட்கும் என்று கத்தினேனோ தெரியாது. கடைசி நொடியில் அவர் பக்கவாட்டில் விழுந்து உருண்டார். ட்ரெய்லர், அடுக்கி வைத்திருந்த கண்டெய்னரில் மோதி நின்றது. ஒரு செருப்பு மட்டும் டயருக்கு அடியில் அப்பளமாகக் கிடந்தது.

மச்சான் இறங்கி ஓடி வந்தார். செருப்பைப் பார்த்தார், கீழே கிடந்த மனுஷனைப் பார்த்தார். சூப்பர்வைசர் வந்து கேட்டதற்கு "பிரேக்கு புடிக்கல சார்" என்றார். பிரேக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போய்விட்டார். விழுந்தவர், தப்பித்த சந்தோஷத்தில் எல்லோரிடமும் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டியூட்டி முடிந்ததும் மச்சானை கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். பேசாமல் போனில் தட்டிக் காட்டினேன். 'காது கேக்கல மச்சான். எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு உயிர் போயிருக்கும்.'

அவர் போனை வாங்கி ரொம்ப நேரம் படித்தார். இவ்வளவு சின்னதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"வண்டிய நானா வுட மாட்டேன் மாப்ள," என்றார். "எத்தினி தபா நெனச்சிட்டேன், முடியல. காலீல எய்ந்தா காலு தானா வண்டியாண்ட போவுது. நீதான கேட்ல கீற. நாளைக்கு நான் வந்தா தொறக்காத."

"நெஜமாவா மச்சான்?"

என் வாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

காலையில் வந்தார். சட்டையெல்லாம் துவைத்துப் போட்டு, நெற்றியில் விபூதியோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி பேப்பரை நீட்டினார். நான் வாங்கி வைத்துக்கொண்டு கட்டையைத் தூக்கும் பட்டனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் காத்திருந்தார். திறந்துவிடு என்று கெஞ்சினாரா, திறக்காதே என்று சொன்னாரா, அந்தப் பார்வையில் இருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்தன. ஒருத்தன் ஹாரன் அடித்தான். அடுத்தவன் அடித்தான். பிறகு சாலை முனை வரை எல்லோரும் சேர்ந்து அடித்தார்கள். என் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. மச்சான் மட்டும் ஸ்டீயரிங்கில் கை வைத்து அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. உடனே என் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"ஏன்யா லைன் நிக்குது? இன்னா பிரச்சன?"

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. திறக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஏன் திறக்கவில்லை என்று ஒருவர் கேட்பார், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. பேப்பர் சரியில்லை சார் என்று சொல்லலாம். அது இன்றைக்குத் தாங்கும், நாளைக்கு?

முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லியிருக்கலாம். அதுகூட அப்போது தோன்றவில்லை.

"சார், இந்த வண்டிய உள்ள வுட முடியாது. என் மச்சானுக்குக் காது கேக்காது சார். ரெண்டு வருஷமாவே கேக்காது."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். மச்சான் ஜன்னல் வழியாகக் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரம். மெதுவாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"ரெண்டு இல்ல மாப்ள," என்றார். "மூணு."