அட்ராக்டா திட்டாத நாள்

இதை எழுதுகிறவன் அட்ராக்டா பெர்னைக் கிட்டத்தில் முதன்முதலாகப் பார்த்தது, அவன் பட்டம் வாங்கப் போன காலையில். அயர்லாந்தின் மேற்கே, க்ளூன்பிராக் ஊரில் இருந்த ஒரே வாடகைக் கார் அவளுடையது. அப்பாவின் வேனில் ஆட்டு வாடை அடிக்கும், நல்ல நாளும் அதுவுமாக அதில் போகக் கூடாது என்று அம்மா அவளை வரச் சொல்லியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அதைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. ஆனால் வீட்டில் வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. புதுத் தொப்பி வைத்து முன்சீட்டில் ஏறிய அம்மாவே, "ஒரு காகிதம் வாங்கப் போறான், அதுக்குப் போயி கால்வே வரைக்கும் அலைச்சல்" என்றாள்.

அட்ராக்டா கண்ணாடி வழியாக அவனை அளந்தாள்.

"படிப்பு முடிஞ்சுதா தம்பி? ஒண்ணும் பயப்படாத. நல்ல காத்து, நல்ல சாப்பாடு இருந்தா கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்."

அம்மா தொப்பி சரியச் சிரித்தாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பட்டமளிப்பு மண்டபத்தில் அன்று விழுந்த கைதட்டல் எதுவும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை.

எங்கள் பக்கம் அப்படித்தான். உயிரோடு இருக்கிறவனை முகத்துக்கு நேரே புகழ்ந்தால், சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார்கள் என்று அர்த்தம். வசவு வாங்குகிறவன் ஊரோடு சேர்ந்தவன். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வசவை அட்ராக்டா அளவுக்குப் பதமாக வைக்க ஆள் கிடையாது. "எப்ப போய்ச் சேருவோம்?" என்று யாராவது அவசரப்பட்டால், "நேரத்தோடயா, உயிரோடயா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்பாள். கஞ்சன் ஒருவனைப் பற்றிச் சொன்னது இன்னும் ஊரில் புழங்குகிறது: "அவன் தன் நிழலையே வெளிய விட மாட்டான், தேஞ்சிடும்னு."

ஆனால் அவள் கணவன் ஜார்லத் இறந்த பிறகு அவளுக்குள் ஒரு முள் தங்கிவிட்டது. பனி விழும் காலைகளில் அவள் எழுவதற்கு முன்பே அவன் போய் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கார் கண்ணாடியில் உறைந்ததைக் கரைத்து வைப்பான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு குளிர்காலமும் தவறியதில்லை. முன்னறையில் அவனைக் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் கைகுலுக்கி, டீயும் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் சாப்பிட்டு, அவனை வாயாரப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவளும் பெட்டியோரம் குனிந்து அந்தத் தண்ணீர்க் கதையை அவன் காதில் சொன்னாள். காது கேட்ட காலத்தில் அவள் சொன்னதெல்லாம், "படிக்கட்டுல சிந்தாத, எவளாவது வழுக்கி விழுவா" என்பதுதான்.

இந்த முள்தான் பிறகு பீலிம் கானட்டன் விஷயத்தில் அவளைத் தடுமாற வைத்தது.

பீலிம் எதிர்வீட்டுக்காரன். ஆடு வளர்ப்பவன். கல்யாணமாகாத அக்கா டிம்ப்னாவோடு குடியிருந்தான். அவன் வீட்டு இரும்புக் கேட்டுக்குக் கீல் கிடையாது. வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் தூணோடு கட்டி வைத்திருப்பான். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் மதிலோரம் அவனும் அட்ராக்டாவும் வாய்ச்சண்டை போடுவது ஊருக்கு இரண்டாவது பூசை மாதிரி. "உன் ஆடுங்களோட அறிவு உனக்கு இருந்தா நீ வெளிய மேஞ்சிருப்ப, அதுங்க உள்ள உக்காந்து டீ குடிச்சிருக்கும்" என்பாள் அவள். "உன் கார்ல ஏறினவன் எவனும் அப்புறம் கடவுள் இல்லன்னு சொன்னதில்ல தாயே" என்பான் அவன்.

பீலிமுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. கால்வேயில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். செய்தால் பிழைப்பான், செய்யாவிட்டால் அடுத்த குளிர்காலம் பார்ப்பது சந்தேகம் என்றார் டாக்டர். பயந்தவன்தான் என்றாலும், போக ஒப்புக்கொண்டிருந்தான்.

அட்ராக்டா அவனைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் ஒரு நல்ல வசவைத் தேர்ந்து வைத்திருந்தாள். ஆனால் அடுப்போரம் நாற்காலியில், சட்டைக்குள் எலும்பாகச் சுருங்கிக் கிடந்தவனைப் பார்த்ததும் அந்த வசவு மறந்துபோனது. ஜார்லத்தின் காதுதான் கண்முன் வந்தது. இந்த முறையாவது கேட்கிற காதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நீ நல்ல மனுஷன் பீலிம்" என்றாள். "உன்ன மாதிரி ஒரு எதிர்வீட்டுக்காரன் யாருக்கும் அமைய மாட்டான்."

டிம்ப்னாவின் கையிலிருந்து டீ ஜாடியின் மூடி விழுந்து உருண்டது. பீலிமின் முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் இறங்கியது. அட்ராக்டா டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. அட்ராக்டாவே அவனைப் புகழ்ந்துவிட்டாள் என்றால் இனி என்ன இருக்கிறது? ஆளுக்கொரு ஆப்பிள் பணியாரத்தோடு வந்து, தங்கள் பங்குக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு பணியாரத்துக்கும் பீலிம் கொஞ்சம் கீழே சரிந்தான். கடைசியில் படுக்கையில் விழுந்தான். ஊர்க் கல்யாணங்களுக்குப் போடும் கறுப்புக் கோட்டை, பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட, எடுத்து வெயிலில் போடச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான்.

டிம்ப்னா எதிர்வீட்டுக்கு ஓடிவந்தாள். "டாக்டர் நீ பொழைப்பேன்னு சொல்றாரே தம்பின்னு கெஞ்சிப் பாத்துட்டேன். டாக்டருக்கு என்ன தெரியும், அவரு வெளியூரு, அட்ராக்டாவே சொல்லிட்டாளேங்கறான். நீ போட்ட முடிச்சு, நீயே வந்து அவிழு."

குறித்த நாள் காலையில் அட்ராக்டா காரை எடுத்துக்கொண்டு போனாள். படுக்கையறை வாசலில் நின்று, "என்ன மகராசா, இன்னும் எழுந்திரிக்கலயா? உன்னைப் பாத்தா உன் ஆடே சோம்பேறின்னு சொல்லும்" என்றாள்.

பீலிம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "இரக்கத்துல சொல்ற. குரலே காட்டிக் கொடுக்குது."

இன்னொன்று சொன்னாள்.

"அது போன ஈஸ்டருக்குச் சொன்னது" என்றான். "பரவாயில்ல அட்ராக்டா. வந்ததுக்கு நன்றி."

நன்றி! அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் ஒரு நல்ல வார்த்தை ஒரு மனிதனைக் கொன்றுகொண்டிருக்கிறது. திருப்பி எடுக்கவும் வழி இல்லை. கண்ணீரை அவன் பார்க்கக் கூடாதென்று விடுவிடுவென்று வெளியே வந்து, காரில் ஏறிப் பின்னால் எடுத்தாள்.

கார் கேட்டில் இடித்து நீலக் கயிறு அறுந்தது. கேட் சாய்ந்து காரின் மேல் விழுந்து, முன்கதவிலிருந்து பின்கதவு வரை வழித்துக்கொண்டு போனது. ஜார்லத் கடைசியாக மெழுகு போட்டுத் துடைத்த கதவு அது.

அவள் வீட்டுக்குள் திரும்பி வந்த வேகத்தில் டிம்ப்னா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எழுந்திருடா களிமண்ணே! உங்கப்பன் காலத்துல கட்டின கயிறு! அந்த ஆளு மண்ணுக்குப் போயாச்சு, கயிறு மட்டும் இருக்கு. ஒரு கீல் வாங்க வக்கில்ல, உனக்குச் சாவு ஒரு கேடா? சொர்க்கத்து வாசல்ல போய் நின்னா பேதுரு உனக்குத் தொறப்பாருன்னு நெனச்சியா? நீ கை வச்சா கேட்டு கழண்டு கையோட வந்துடும்னு அவருக்குத் தெரியாதா? என் கதவுக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுக்காம உன்ன ஒரு எமனும் தொட முடியாது. தொட்டா அவனையும் ரெண்டு கேப்பேன்!"

கட்டில் அசைந்தது. பீலிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தான்.

"கேட்டு மேலயும் கீறல் விழுந்திருக்குமே" என்றான், மூச்சு வாங்க. "அதுக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு அக்காவிடம், "என் கோட்ட எடு. கறுப்பு இல்ல, பழசு" என்றான்.

வால்வு மாற்றி, பல நாள் கழித்து அவனைக் கூட்டிவரவும் அவள்தான் போனாள். சதுப்பு நிலத்தைத் தாண்டும்வரை இருவரும் மழையைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் நெருங்கும்போது பீலிம் கேட்டான்.

"அன்னிக்கு நல்ல மனுஷன்னு சொன்னியே, நிஜமாவா?"

"மயக்க மருந்துல ஏதோ காதுல விழுந்திருக்கும்."

"அன்னிக்கு இன்னும் மருந்தே குடுக்கலயே."

அட்ராக்டா கண்ணாடியைத் துடைக்கும் கம்பியை வேகமாக வைத்தாள். மழை அவ்வளவு பெரிதாக இல்லை.

"பேசாம வா. வண்டி ஓட்டணும் நான்" என்றாள்.

அதன் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. சொன்னதும் கேட்டதும் போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜார்லத்துக்குச் சேர வேண்டியதில் கொஞ்சம் பீலிமிடம் போய்ச் சேர்ந்தது என்றும்.

அட்ராக்டா இன்றும் க்ளூன்பிராக்கில் அதே காரை ஓட்டுகிறாள். முழங்கால் வலிக்கு மட்டும் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறாள். கதவில் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது, பெயின்ட் இன்னும் அடித்தபாடில்லை. பீலிம் எதிர்வீட்டில் ஆடு மேய்க்கிறான். கேட்டைப் புதுக் கயிற்றால் கட்டியிருக்கிறான்.