பால் தொட்டிக்குப் பலகை கேட்டுப் போனது

நான் வேலை பார்க்கும் கெமாஸ் நிலையத்தில் சரக்கு ரயில் கிளம்பும்போது கடிகாரத்தில் மணி எட்டு. ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்த நாளிலிருந்து எங்களுக்கு டோக்கியோ நேரம்தான். சூரியனுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை போலும். வெளியே ஒரே இருட்டு.

ரெம்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் அக்கா செல்லம்மா இருக்கிறாள். அத்தானைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு மிச்சம் நான்கு வயது மகன் முருகையா. போன வாரம் அவன் தண்ணீரில் விழுந்து பிழைத்தான் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். எந்தத் தண்ணீர், எப்படி விழுந்தான், ஒரு விவரமும் இல்லை. பதறிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ரெம்பாவிலிருந்து தோட்டம் ஆறு மைல். மாட்டு வண்டிக்காரரிடம் வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டை நீட்டினேன்.

"இத வச்சு அடுப்புதான் பத்த வைக்கலாம். உப்பு இருக்கா தம்பி?"

அக்காவுக்குக் கொண்டுபோன உப்பில் ஒரு கைப்பிடி அங்கேயே போயிற்று.

மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். வழி நெடுக மரம். ஆனால் ஒரு குடை நிழல் இல்லை. டோக்கியோ கணக்கில் இரண்டு மணிக்கு வெயில் நேர் உச்சியில் இறங்கியது. தோட்டத்தை அடைந்து, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையைத் தேடினால் நான்கு கம்பங்கள் நிற்கின்றன. கூரைத் தகரத்தைப் பட்டாளம் கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். மூடிக் கிடக்கும் ரப்பர் ஆலைக்குள் பிள்ளைகளை வைத்திருந்தார்கள்.

உள்ளே நல்ல குளிர்ச்சிதான். ஆனால் நடுவில் பால் தொட்டி, முருகையா விழுந்த இடம். முன்பு ரப்பர்ப் பாலை ஊற்றி உறைய வைத்த, மார்பளவு ஆழமுள்ள நீளத் தொட்டி அது. விளிம்பு தரை மட்டத்தில், சுவர் வழவழவென்று பீங்கான் போல. இப்போது அதில் தண்ணீர் நிரப்பி, கசப்புப் போக மரவள்ளிக் கிழங்கை ஊறப் போட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடும் இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆயா.

"வெயில்ல கெடந்து போன மாசம் ஒன்னு வலிப்பு வந்து விழுந்துச்சு. இங்க வந்தா தண்ணி. நா எங்க தம்பி கொண்டு போறது?" என்றார் ஆயா மாரியாயி.

வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் காத்தமுத்துவிடம் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னேன்.

"தொறந்துட்டா கெழங்கு கசக்கும்லா. நீங்க வந்து திம்பீங்களா?"

தொட்டியின் இரு சுவர்களிலும் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. பால் உறையும்போது தடுப்புப் பலகை செருகும் பள்ளங்கள். எல்லாப் பலகையையும் செருகினால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளிதான் இருக்கும். எந்தப் பிள்ளையும் உள்ளே விழாது, கிழங்கும் அது பாட்டுக்கு ஊறும். பலகைகள் எங்கே? தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு கட்டிலாகவும் கதவாகவும் கிடந்தன. வாசல் வாசலாகப் போய்க் கேட்டேன். "மத்தவங்க குடுக்கட்டும், நாங்களும் குடுக்கறோம்" என்பதையே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் காது புளித்துவிட்டது. மண்டோர் தன் கட்டிலைக் காட்டி, "இடுப்பு வலிடா தம்பி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கட்டிலையே தூக்கியிருப்பேன்.

மாலையில் அக்கா கிழங்குக் காட்டிலிருந்து திரும்பினாள். அவளிடம் பொரிந்து தள்ளினேன். கேட்டுவிட்டுப் பாயைத் தூக்கிக் காட்டினாள். அடியில் மூன்று பலகைகள்.

"விழுந்தது உன் மகன்தானே அக்கா?"

"தரை பூரா ஈரம்டா. அவனுக்கு நெஞ்சுல சளி. இதையும் புடுங்கிட்டா எங்க போடுவேன்?"

என் மடியில் இருந்த முருகையா குதூகலமாகச் சொன்னான்: "மாமா, நா தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்து பாத்தேன். ஆயா காலு தெரிஞ்சிச்சு. கூப்புட்டேன், சத்தம் வரல."

அக்கா குனிந்து பாயைச் சுருட்டினாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தின் நடுவே மூன்று பலகைகளையும் தலையில் சுமந்து நடந்தாள். மண்டோர் மனைவியின் எதிரே நின்று, "எம் புள்ள தரையில படுத்துக்குவான். மண்டோருக்கு இடுப்பு நோவுமாம், பாத்துக்கக்கா" என்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், கணவர் தடுக்கத் தடுக்கக் கட்டிலைப் பிரித்தார். அதன்பின் பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவை முக்கால் தொட்டியைத்தான் மூடின. மற்றவை என்றோ அடுப்பில் எரிந்துபோயிருந்தன. நான் விடைபெறும்போது மிச்சக் கால் தொட்டியின் விளிம்பில் ஆயா, கையில் குச்சியோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் சிமிட்டினால்கூடப் போச்சு.

இருட்டுவதற்குள் கெமாஸ் வந்துவிட்டேன். எங்கள் நிலையத்தில் எஞ்சின் குடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டு, பூட்டு உண்டு, சுற்றிலும் முள்கம்பி உண்டு. பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், தகரக் கூரை நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள்.