தாழம்புதரில் கட்டிய பை

சித்தப்பா பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அதை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சித்தியிடம் காட்டிக்கொடுத்ததும் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. முதல் மகாயுத்தம் இன்னும் வந்திருக்கவில்லை.

சித்தப்பா முக்கூடல் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பாடம் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் செடி கொடிதான். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் தாழம்புதர் உண்டு. மணக்கிற பூ ஆண்தாழையில் வரும், காய்ப்பது பெண்தாழை. கரையிலிருந்த ஆண்தாழைகளை யாரோ வெட்டி வேலிக்குப் போட்டுவிட்டார்கள். அப்புறமும் பெண்தாழைகள் பாட்டுக்குக் காய்த்தன. எங்கிருந்தோ காற்றில் மகரந்தம் வருகிறதா, அது இல்லாமலே காய்க்கிறதா என்று சித்தப்பாவுக்கு ஒரே யோசனை. பூ விரியுமுன்பே ஏழு குருத்துகளை வெள்ளை மல் துணிப் பையால் மூடிக் கட்டினார். இரண்டு மடிப்பாகப் பை தைத்துக் கொடுத்தது சித்தி.

சித்திக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசாமல் இருப்பதையே அவள் காதில் விழும்படி செய்வார்கள்.

பைகளைப் பார்த்த ஊர்ப் பெண்கள் தொட்டில் என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளை வேண்டி மரத்தில் துணித்தொட்டில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வாத்தியாரே கட்டுகிறார் என்றால் அந்தத் தாழையில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? மூன்று மாதத்தில் புதர் முழுக்கத் தொட்டில் தொங்கியது.

விஷயம் எங்கள் கிறிஸ்தவ சபையை நடத்திவந்த உபதேசியார் காதுக்குப் போயிற்று. சபைப் பெண் யாராவது தொட்டில் கட்டியது தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, நற்கருணை கிடையாது என்று சொல்லிவிடுவார்.

"நம்ம ஆட்கள் துணி எதுவும் கிடக்கான்னு பாத்துருவோம்வே" என்று சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன்.

சித்தப்பா தம் பை ஒன்றை அவிழ்த்தார். உள்ளே பலாப்பிஞ்சு அளவில் பச்சைக் காய்.

"மகரந்தமே படாம காய்ச்சிருக்குவே" என்றார்.

உபதேசியார் அதைக் காதில் வாங்கவில்லை. கம்பால் தொட்டில்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், நீலப் பூப்போட்ட துணி ஒன்றில் நின்றார். குழந்தைக்குப் பதிலாக உள்ளே ஒரு கூழாங்கல்.

எனக்குத் துணி தெரிந்துவிட்டது. என் பழைய பாவாடை. தலையணை உறைக்கு வேண்டும் என்று சித்தி வாங்கி வைத்திருந்தது. "இது என்..." என்று தொடங்கினேன். சித்தப்பாவின் கை என் தோளில் அழுந்தியது.

"அதுவும் நான் கட்டினதுதான்வே. வெள்ளைத் துணி தீந்துபோச்சு."

"கல்லு எதுக்கு?"

"காத்துல ஆடாம இருக்கணும்லா."

உபதேசியார் அடுத்ததற்குப் போனார். சித்தப்பா அந்தத் தொட்டிலை அவிழ்க்கவில்லை. தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, சித்தப்பா பொய் சொல்லுதாவ. என் பாவாடையை அவியதான் கட்டினாவளாம்" என்று ஆரம்பித்து, இரண்டாவது முடிச்சு வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

சுளகு அப்படியே நின்றது. சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சித்தப்பா பொய் சொன்னதைப் பொறுக்கமாட்டாமல்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கு அவருக்கு நல்லா கிடைக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில், வாசலில் போய் அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.